மினுக்காத துவக்கின் விலை

1. எது விலை கூட?

பரமட்டா ரெயில் நிலையத்துக்கு இரண்டு தெரு தள்ளி இருந்த அந்தக் கடையில் மீன்தூண்டில், கூடாரம், பழைய துப்பாக்கி மூன்றும் விற்றார்கள். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் காலை, முதலாளி கெவின் என்னைச் சுவர்ப் பக்கம் கூட்டிக்கொண்டு போனார். அங்கே இரண்டு .303 றைபிள்கள் ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாகத் தொங்கின. இரண்டும் யுத்தம் முடிந்தபின் பட்டாளம் கழித்து விற்றவை.

ஒன்று பட்டாளத்தில் இருந்தபடியே இருந்தது. பரல் என்ற சுடுகுழாயின் நுனிவரை மரம் மூடியிருந்தது. எண்ணெயும் அழுக்கும் ஊறிக் கறுத்துப்போய், எங்கெங்கோ அடிபட்ட தழும்புகளுடன் கிடந்தது. மற்றதை யாரோ ஆசை ஆசையாக மாற்றியிருந்தார்கள். முன்மரத்தைப் பாதியாக வெட்டி, பரலைக் குறுக்கி, புதிய வோல்நட் பிடிமரம் போட்டு, கன்னம் பதியும் இடத்தை வழவழப்பாகச் செதுக்கி, இரும்பைக் கண்ணாடிபோல மினுக்கியிருந்தார்கள்.

“எது விலை கூட, செல்?” என்று கெவின் கேட்டார். என் பெயர் செல்வராசா. சேர்ந்த ஐந்து நிமிடத்தில் அதையும் அவர் வெட்டிக் குறுக்கிவிட்டார்.

நான் மினுங்கியதைக் காட்டினேன். மரத்துக்கு இவ்வளவு, கூலிக்கு இவ்வளவு என்று மனதுக்குள் கூட்டியும் பார்த்திருந்தேன். என் தகப்பனார் மேசன் வேலை செய்தவர். ஒரு சுவரைப் பார்த்தால் எத்தனை ஆள் எத்தனை நாள் என்று சொல்லிவிடுவார். எழுதப் படிக்கத் தெரியாத அந்த மனிதரிடமிருந்து, பள்ளிக்கூடம் போன எனக்கு வந்த கணக்கு அதுதான்.

கெவின் சிரித்தார். “எல்லாரும் அதைத்தான் காட்டுவினம். அந்த அழுக்குப் பிடிச்சவன்தான் விலை கூட. மற்றவனுக்கு அவன்ர சொந்தக்காரன் செய்த வேலையெல்லாம் அவன்ர கைக்கும் அவன்ர கன்னத்துக்கும். வாங்கிறவனுக்கு வேற கன்னமெல்லே, மேட்?”

எனக்குச் சட்டென்று விளங்கியது. “எங்கட ஊரில நகை விக்கப் போனால் செய்கூலி திரும்பி வராது. தங்கத்தின்ர நிறைக்குத்தான் காசு. அதுபோல” என்றேன்.

கெவின் கொஞ்சம் யோசித்தார். “உங்கட நகைக்கடைக்காரனும் என்னை மாதிரிக் கள்ளன் போல கிடக்கு” என்றார். அன்று முதல் மாற்றி அமைத்த துப்பாக்கி ஒன்று கடைக்கு வந்தால் “செய்கூலி!” என்று என்னைப் பார்த்துக் கத்துவார். அந்த ஒரு சொல்லை மட்டும் சுத்தமாக உச்சரிப்பார்.

நார்த்மீட்டில் நான் இருந்த வீட்டை என்னோடு பகிர்ந்துகொண்டவர் குணம் அண்ணை. ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் வேலை. அவருக்கு என் வேலை பெரிய பகிடி.

“டிப்ளோமா படிச்சுப்போட்டுத் துவக்குக் கடையிலயோ? கொம்மாவுக்கு என்னெண்டு எழுதினனீ?”

“விளையாட்டுச் சாமான் கடை எண்டு எழுதினனான்.”

“ஓம், ஓம். கிரிக்கெட் மட்டை விக்கிறாய் எண்டு நினைச்சு மனுசி கோயிலில பொங்கியிருக்கும்.”

அது எழுபதுகளின் நடுப்பகுதி. பட்டறைகளில் வேலை கேட்டுப் போன இடமெல்லாம் “லோக்கல் எக்ஸ்பீரியன்ஸ் இல்லை” என்றார்கள். கெவின் ஒருவர்தான் என் கையில் வேர்னியர் என்ற நுண்ணளவு கருவியைக் கொடுத்து “இதை அள” என்றவர். இன்று வந்து இறங்கி அதே பதிலோடு திரும்புகிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். எந்தக் கடைக்குள் போனாலும் கையில் இருக்கிற படிப்பு ஒரு நாள் உதவும். எனக்கு உதவிய நாள் ஒரு சனிக்கிழமை.

2. ஒரு கண்காரர்

அந்த வருடம் நாட்டுக்குக் கலர் ரெலிவிஷன் வந்திருந்தது. அதை வாங்குவதற்காகப் பலர் ஷெட்டுக்குள் சும்மா கிடந்த துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். சனிக்கிழமை மத்தியானத்தோடு கடைகள் பூட்டப்படும் என்பதால் காலையில் நிற்க இடமிராது.

அந்தக் கூட்டத்தில் லெஸ் வந்தார். ரெயில்வேப் பட்டறையில் இயந்திரம் பூட்டும் பிற்றராக இருந்து ஓய்வு பெற்றவர். கம்பளித் துணியில் சுற்றிய ஒரு .303-ஐக் கண்ணாடிப் பெட்டிக்கு மேல் வைத்தார்.

“கலர் ரீவிக்கோ?” என்றார் கெவின்.

“எனக்கு மிஞ்சின ஒரு கண்ணுக்குக் கறுப்பு வெள்ளை காணும்” என்றார் லெஸ். அவருடைய வலது கண் முழுதாகப் போய்விட்டது. இனிக் குறி பார்க்க முடியாது. மனைவி ஜோனுக்கு ஸ்ரோக் வந்து ஒரு கால் இழுக்கிறது. வீட்டு வாசலில் படிகள். ஆஸ்பத்திரியால் வந்த நாளிலிருந்து அவ வெளியே இறங்கவில்லை. “படிக்குப் பதிலாச் சரிவா ஒரு ராம்ப் கட்டவேணும். மரம், கைபிடி, சீமெந்து. வேலையை நான் செய்வன். சாமானுக்கு இதை விக்கிறன்.”

கடையின் முதல் விதிப்படி போல்ட்டைக் கழற்றி, அறைக்குள் தோட்டா இல்லை என்று பார்த்து, றைபிளைக் கெவினிடம் கொடுத்தேன். அவர் அதை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். முன்மரம் வெட்டப்பட்டிருந்தது. பிடிமரம் லெஸ் தானே செய்தது, நல்ல வேலை. மேற்பக்கத்தில் ஸ்கோப் என்ற குறிபார்க்கும் தூரக்கண்ணாடி பூட்டுவதற்கு யாரோ திருகிய இரண்டு இரும்புக் கட்டைகள். பரலில் அங்கங்கே துரு.

“செய்கூலி” என்றார் என்னிடம் மெதுவாக. பிறகு லெஸ்ஸிடம் ஒரு விலை சொன்னார். சின்ன விலை. லெஸ்ஸின் முகம் தொங்கிப்போனது. ராம்புக்கு அது கைபிடி வாங்கவும் காணாது.

“இந்தப் பிடிமரத்துக்கு ஒரு குளிர்காலம் முழுக்க எடுத்தனான்” என்றார்.

“தெரியுது, மேட். அருமையான வேலை. ஆனா ஓட்டை போட்ட .303 ஊரெல்லாம் கிடக்கு.” கெவினுக்கும் மனம் கேட்கவில்லை. “ஒண்டு செய். துருவை எடுத்து, நல்லா மினுக்கிக்கொண்டு திங்கள் வா. கொஞ்சம் கூட்டித் தாறன்.”

இது எங்கள் கடையில் எல்லாருக்கும் சொல்லும் வசனம். மினுங்கினால் மாற்றி அமைத்த துப்பாக்கி சீக்கிரம் விலைப்படும். லெஸ்ஸுக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. “மினுக்கிறதோ? எனக்கு வீட்டில இரும்பு மினுக்கிற சக்கரம், பவ்விங் வீல் கிடக்கு. முகம் பாத்துச் சவரம் செய்யலாம், அப்பிடிக் கொண்டு வாறன்” என்று சொல்லிவிட்டு முகவரியும் தொலைபேசி இலக்கமும் கொடுத்துப் போனார்.

அவர் துணியைச் சுற்றுவதற்கு முன் நான் வழக்கம்போலப் பரலை அளந்திருந்தேன். வேர்னியரில் வந்த அளவு, நான் அதுவரை அளந்த எந்த .303-க்கும் வராதது. பரல் தடிப்பாக இருந்தது. அடுத்த ஆள் தூண்டில் சுருளை நீட்டினார். நான் அவரிடம் திரும்பிவிட்டேன்.

3. கதவு பூட்டும்போது

கடை பூட்டும் நேரம் கெவின் காசுப் பெட்டியோடு நின்றார். நான் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, “அந்த ஒரு கண்காரரின்ர பரல் தடிப்பாக் கிடந்தது” என்றேன்.

“புதுசாப் போட்டிருப்பான்.”

“இல்லை. இன்னொண்டு. அந்த ஸ்கோப் கட்டையள் வீட்டில திருகினது இல்லைப்போல.”

அவர் நிமிர்ந்தார். “ஏன் சொல்லுறாய்?”

நான் கண்டதைச் சொன்னேன். வீட்டில் ஒருவன் துளை போட்டுக் கட்டையைத் திருகினால், துளையின் விளிம்பில் பட்டாளத்துக் கறுப்புப் பூச்சு அறுந்து வெள்ளை இரும்பு தெரியும். நானே பத்துப் பதினைந்து பார்த்திருக்கிறேன். இந்த றைபிளில் அப்படி இல்லை. உடம்பு, கட்டை, திருகாணித் தலை மூன்றின் மேலும் ஒரே கறுப்பு, இடையில் அறாமல் போயிருந்தது. கட்டையைப் பூட்டிய பிறகுதான் பூச்சே போட்டிருக்கிறார்கள். பட்டறைப் படிப்பில் இது முதல் வருடப் பாடம்: எந்த வேலை முதல், எந்த வேலை பிறகு என்பதை மேற்பூச்சு சொல்லும்.

“பரலின்ர அடியில ஏதும் எழுத்து?”

“ஒரு H கிடந்தது.”

கெவின் காசுப் பெட்டியை அப்படியே வைத்தார். “ஓ, மை கோட். செல், அது ஸ்னைப்பர்.”

பிறகுதான் விளக்கினார். லித்கோ ஆயுதத் தொழிற்சாலையில் யுத்தத்தின் கடைசிக் காலத்தில் குறிவீரர்களுக்கென்று தடித்த பரல் போட்டு, அதற்கு அடையாளமாக H குத்தி, ஸ்கோப் கட்டைகள் பூட்டிச் செய்த .303. கொஞ்சமாகத்தான் செய்தார்கள். அதையும் சனம் பட்டாள ஏலத்தில் வாங்கி, முயல் சுட, முன்மரத்தை வெட்டி எறிந்தது. சேகரிக்கிறவர்கள் இப்போதுதான் தேடத் தொடங்கியிருக்கிறார்கள். வெட்டிய மரத்துக்கு விலை குறையும். ஆனால் அந்தக் கறுப்பும் அந்த எழுத்தும் இருந்தால், லெஸ் ராம்பைக் கட்டி மேலே கூரையும் போடலாம்.

“அது இல்லாட்டி?”

“இல்லாட்டி அது தடிச்ச பரல் போட்ட ஒரு மினுங்கல் துவக்கு. ஆர் நம்புவான்?”

இருவருக்கும் ஒரே நேரத்தில் பவ்விங் வீல் ஞாபகம் வந்தது.

கெவின் தொலைபேசியில் லெஸ்ஸின் இலக்கத்தைச் சுழற்றினார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஒருவரும் எடுக்கவில்லை. “யூட்டில ஏறு” என்று தன் சின்னப் பாரவண்டியைக் காட்டினார்.

4. ஷெட்டுக்குள்

லெஸ்ஸின் வீடும் நார்த்மீட்டில்தான்; நான் தினமும் பஸ்ஸில் போகும் வழி. அன்று அது நீண்டுகொண்டே போனது. எனக்கு இன்னொரு பயமும் வந்தது. கெவின் வியாபாரி. மினுக்காதே என்று மட்டும் சொல்லிவிட்டு, காலையில் சொன்ன விலைக்கே வாங்கிக்கொண்டு வந்தால் யாருக்குத் தெரியும்? எனக்குத் தெரியும். நான் சம்பளத்துக்கு நிற்பவன். கேட்கவும் துணிவில்லை, கேட்காமல் இருக்கவும் முடியவில்லை.

வீட்டு வாசல் யன்னலுக்குள் ஜோன் கதிரையில் இருந்தா. எங்களைக் கண்டதும் சத்தமாகச் சொன்னா: “மனுசன் பின்னால. கடையால வந்ததிலயிருந்து அந்த மெசினைப் போட்டுக் காதைத் தின்னுறார். ரெலிபோன் அடிச்சது நீங்களோ? எனக்கு எழும்பி எடுக்கேலாது, அவருக்குக் கேக்காது!”

வீட்டின் பின்னாலிருந்து பவ்விங் வீலின் இரைச்சல் வந்தது. கெவின் பருத்த மனிதர். அவர் ஓடி அன்றுதான் கண்டேன். ஷெட் கதவைத் தள்ளி உள்ளே போனவர், லெஸ்ஸிடம் ஒரு சொல்லும் சொல்லாமல் சுவரிலிருந்த பிளக்கை இழுத்து எறிந்தார். சக்கரம் முனகிக்கொண்டே நின்றது.

லெஸ் திரும்பினார். முகமெல்லாம் கறுப்புத் தூள். “உனக்கென்ன விசரோ?”

அவர் கையில் மினுங்கிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். ட்ரிகரைச் சுற்றி வரும் வளையம். மேசையில் பழைய பத்திரிகை விரித்து, கழற்றிய திருகாணிகளைப் பெரியது சிறியது பார்த்து அடுக்கியிருந்தார். ஏற்கெனவே மினுக்கியவை வலது பக்கம், மினுக்க வேண்டியவை இடது பக்கம். இடது பக்கத்தின் கடைசியில், எண்ணெய்த் துணியில், இரும்பு உடம்போடு சேர்ந்தபடியே பரல் கிடந்தது.

“பரல்?” என்றார் கெவின். மூச்சு வாங்கியது.

“அது கடைசியாத்தான். சின்னனில தொடங்கிப் பெரிசுக்குப் போறது. ரெயில்வேயில அப்பிடித்தான் பழக்கினவங்கள்.”

நான் துணியை விலக்கி யன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். H இருந்தது. கட்டைகளின் மேல் கறுப்பு அறாமல் இருந்தது. துருவும் இருந்தது, நல்லவேளையாக. அதை மடியில் வைத்துக்கொண்டு ஒரு பெயின்ற் டின்னின் மேல் இருந்துவிட்டேன்.

லெஸ் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். “என்ன, வாங்கேலாது எண்டு சொல்ல வந்தனீங்களோ?”

கெவின் கைலேஞ்சியால் கழுத்தைத் துடைத்தார். நான் அவர் வாயையே பார்த்தேன்.

“காலமை நான் சொன்ன விலையை மற, லெஸ்” என்றார். “நான் சரியாப் பாக்கேல்லை. இந்தப் பெடியன் பாத்தவன்.” பிறகு ஸ்னைப்பர் கதையை முழுதாகச் சொன்னார். ஒன்றையும் மறைக்கவில்லை.

லெஸ் கையிலிருந்த வளையத்தைப் பத்திரிகையின் மேல் வைத்தார். “அந்தக் கட்டையள் வாங்கேக்கையே இருந்தது. அராவி எடுப்பம் எண்டு ரெண்டு முறை அரத்தை எடுத்தனான்” என்றார். “ஜோன் சாப்பிடக் கூப்பிட்டவ. ரெண்டு முறையும்.”

வீட்டுக்குள் போய் அவர் இதைச் சொன்னபோது ஜோன் சிரித்த சிரிப்பில் தேத்தண்ணி சிந்தியது. “என்ர சமையலைக் குறை சொல்லுவியளோ இனி?”

திரும்பி வரும்போது கெவினிடம் கேட்டேன்: “நீங்கள் சும்மா வாங்கியிருக்கலாமே?”

“இப்பிடி ஆயிரம் ஷெட் கிடக்கு. லெஸ்ஸை ஒரு முறை ஏமாத்தினால் பின்னேரமே அவன் கிளப்பில சொல்லுவான். பிறகு எந்த ஷெட்டும் எனக்குத் திறக்காது” என்றார். சிறிது தூரம் போனபின், “அதோட, அந்த மனுசி யன்னலுக்குள்ளயிருந்து பாத்துக்கொண்டிருந்தவ” என்றார்.

5. கற்றது

திங்கட்கிழமை லெஸ் றைபிளைத் துருவோடு கொண்டுவந்தார். “இப்பிடி ஊத்தையாக் குடுக்க வெக்கமாக் கிடக்கு” என்று மூன்று முறை சொன்னார். பிறகு மெல்பேர்னில் இருந்து ஒரு சேகரிப்பாளர் வந்து பார்த்து, கெவின் சொன்ன விலையைப் பேரம் பேசாமல் லெஸ்ஸின் கையில் கொடுத்தார். வோல்நட் பிடிமரத்துக்கு அவரும் ஒரு சதம் போடவில்லை. பழைய பட்டாள மரம் தேடிப் போட்டுக்கொள்வாராம். லெஸ் பிடிமரத்தைக் கழற்றித் தன்னோடு கொண்டுபோனார்.

மாற்றி அமைத்த பழைய பொருளுக்கு விலை சொல்லும்போது நான் இப்போது கேட்கும் கேள்வி ஒன்றுதான்: இதில் எதைத் திரும்பச் செய்யலாம், எதைச் செய்ய முடியாது? மரத்தை எவனும் மறுபடி செய்யலாம். பூச்சையும் எழுத்தையும் மறுபடி செய்தால், பார்வைக்கு அதேபோல இருக்கும். ஆனால் அது பொய். எனவே செய்கூலியைக் கழிக்கிற அவசரத்தில் தங்கத்தைக் கழித்துவிடக் கூடாது.

இன்னொன்று. பெரியவர் விலை சொல்லிவிட்டார் என்பதற்காகக் கண்ணில் பட்டதை விழுங்க வேண்டாம். எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான். வாத்தியார் சொன்னபின் வாய் திறக்காத பழக்கம் எனக்கு நிறைய உண்டு. அளந்தது பிழையென்றால் சிரிப்பார்கள், அவ்வளவுதான்.

கடையில் அந்த மினுக்கும் வசனம் நின்றுவிட்டது. அதன்பிறகு யாராவது தொலைபேசி எடுத்து, “ஒரு பழைய றைபிள் கிடக்கு, கொஞ்சம் துப்புரவாக்கிக் கொண்டு வரட்டோ?” என்று கேட்டால், கெவின் றிசீவரை என்னிடம் நீட்டுவார். நான் சொல்வேன்: “தயவுசெய்து ஒண்டும் செய்யாதேங்கோ. அப்பிடியே கொண்டு வாங்கோ. தூசி துடைக்கிறதும் நாங்கள்தான்.”