அம்மாவின் மேல்வரிசைப் பற்கள்

கிராம்புத் தைலமும் மிஷின் எண்ணெயும் கலந்த வாடைதான் எங்கள் வீட்டின் வாடை. தொண்ணூறுகளில், மயிலாப்பூரில் ஒரு சந்துக்குள் இருந்த ஒற்றை அறையில், தி. நகர் துணிக்கடைகளுக்காக அம்மா ரவிக்கை தைத்துக்கொண்டிருந்தாள். கத்தரிக்கோலைத் தேடி எடுக்க நேரமில்லாமல் நூலை முன்பற்களால்தான் அறுப்பாள்; குண்டூசிகளைப் பல்லில் கடித்துக்கொண்டே எனக்குப் பதில் சொல்வாள். தீபாவளி சமயத்தில் மதியச் சோறு கிடையாது, சர்க்கரை தூக்கலாகப் போட்ட டீதான் சாப்பாடு, அதைக் குடித்துவிட்டு வாய் கொப்பளிக்கக்கூட எழுந்திருக்க மாட்டாள்.

அப்படி ஒரு தீபாவளிக்கு முன்னால் மேல் கடைவாய்ப் பல் சொத்தையாகி வலிக்கத் தொடங்கியது. அந்த ஒன்றைப் பிடுங்கிவிட்டால் மற்றவை பிழைக்கும் என்றார் மந்தைவெளி பல் டாக்டர். சரியென்று நாள் குறித்துக்கொண்டு திரும்பினோம். பக்கத்து வீட்டு சரோஜா அத்தை வாசலிலேயே மறித்துக்கொண்டாள்.

"இன்னாடி, புத்தி கெட்டுப்போச்சா? மேல் பல்லு நரம்பு கண்ணுக்குத்தான் போவுது. புடுங்கினா கண்ணு போய்டும். அப்புறம் இன்னாத்த தெச்சு இந்தப் பொண்ணக் கரையேத்துவ?"

அம்மா அதோடு அடங்கிவிட்டாள். அவள் கண்ணை நம்பித்தான் எங்கள் அடுப்பு எரிந்தது, அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சரோஜா அத்தையை மட்டும் நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. வலிக்கு "இத்த அடக்கிக்கோ, மரத்துப்பூடும்" என்று புகையிலைத் துண்டைக் கொடுத்ததும் அவள்தான். மரத்துத்தான் போனது. வலி நின்ற பிறகும் புகையிலை நிற்கவில்லை. சொத்தை பக்கத்துப் பல்லுக்குப் பரவி, ஈறு சீழ்கட்டி, கன்னம் வீங்கியபோதெல்லாம் "தீபாவளி போவட்டும்", "பொங்கல் போவட்டும்", பிறகு "கல்யாண சீசன் முடியட்டும்" என்று அம்மா தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தாள். நான் பள்ளிக்கூடம் முடிப்பதற்குள் மேல்வரிசை முழுக்க ஆடி ஆடித் தானாகவே விழுந்துவிட்டது. அவளுக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. வாய்விட்டுச் சிரிக்கிறவள், முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரிக்கப் பழகினாள். கல்யாண வீடுகளில் பந்திக்கு உட்காராமலே திரும்பிவிடுவாள்.

இப்போது திருவான்மியூரில் என்னோடு இருக்கிறாள். எங்கள் தெருவிலேயே பளபளவென்று இரண்டு பல் கிளினிக். தாடையெலும்பு தேய்ந்துவிட்டது, பல் செட் நிற்காது என்று இரண்டிலும் கைவிரித்துவிட்டார்கள். மயிலாப்பூர்ச் சந்திலிருந்த வீடுகளை இடித்து அடுக்குமாடி கட்டிவிட்டார்கள். கடைகளெல்லாம் ரெடிமேட் ரவிக்கைக்கு மாறி, அம்மாவின் மிஷின் காயலான் கடைக்குப் போய் எவ்வளவோ காலமாகிறது.

போன மாதம் அவளைக் கண் பரிசோதனைக்கு அழைத்துப்போனேன். இந்த வயதுக்குப் பார்வை அருமையாக இருக்கிறது என்று டாக்டர் பாராட்டினார். ஆட்டோவில் ஏறியதும் அம்மா என் தொடையில் தட்டினாள்.

"பாத்தியா, அன்னிக்கு சரோஜா சொன்னாளே! புடுங்காம வுட்டதாலதான் கண்ணு இன்னும் நல்லா கீது."

அவள் முகத்தில் அப்படி ஒரு வெற்றி. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஆமாம்மா" என்றேன்.