நான் கமிஷன்டு ஆபீசர்

ஆந்திரா தனி ராஜ்ஜியமான புதிது. சித்தூர் ஆந்திராவுக்கா, மெட்ராஸுக்கா என்று தெருவுக்குத் தெரு கத்திக்கொண்டிருந்தார்கள். லீவில் வந்திருந்த எனக்கு அதெல்லாம் கவலையில்லை. கல்யாணம் ஆகவேண்டும். பட்டாளத்தானுக்குப் பெண் இல்லை என்று இரண்டு வீட்டில் துரத்தியிருந்தார்கள்.

மூன்றாவது வீட்டில் ராஜ உபசாரம். பெண்ணின் அப்பா சித்தூர் பக்கத்தில் கரும்பு வைத்து வெல்லம் காய்ச்சுகிறவர். "கலெக்டர் மாரி பெரிய உத்தியோகமாமே?" என்றார். கூட வந்த மாமாவை முறைத்தேன்.

"இன்னாடா மொறைக்கிற? 'நான் கமிஷன்டு ஆபீசர்'னு நீதான சொன்ன?"

சொன்னேன்தான். ஹவில்தாருக்கு இங்கிலீஷில் அதுதான் பெயர். அந்த 'நான்' என்றால் 'இல்லாத' என்று அர்த்தம். இந்த மடையர் தமிழ் 'நான்' என்று நினைத்துக்கொண்டு என்னைப் பெரிய அதிகாரியாக்கிவிட்டார்.

பொய் சொல்லிப் பெண் கட்ட நான் தயாரில்லை. போட்டு உடைத்தேன். கமிஷன்டு ஆபீசர் ராஷ்டிரபதியிடமிருந்து 'கமிஷன்' என்ற அதிகாரம் வாங்கியவன், வரும்போதே லெஃப்டினன்டாக வருவான். நான் சிப்பாயாகச் சேர்ந்து, நாயக்காகி, ஹவில்தாரானவன். ஆட்களைப் பழக்கி வேலை வாங்குவது நான், உத்தரவு போடுவது அவன். மீசை முளைக்காத பயலாக இருந்தாலும் நான்தான் சல்யூட் அடிக்கவேண்டும். சாப்பிடும் மெஸ்கூட வேறு.

மாமா எழுந்து செருப்பைத் தேடினார்.

"அப்போ உனுக்குக் கமிஷனே இல்லியா தம்பி?" என்றார் பெண்ணின் அப்பா.

"இல்லீங்க."

"கொஞ்சம்கூட?"

வெல்ல மண்டித் தரகர்கள் பிடிக்கிற கமிஷனைச் சொல்கிறார் என்று அப்போதுதான் உறைத்தது. "அது வேற கமிஷனுங்க!" என்று கத்தினேன்.

"எதுவோ ஒண்ணு. மண்டில கமிஷன் துன்னு துன்னே என் வெல்லத்த முழுங்கிட்டானுங்க. கமிஷன் துன்னாத ஒருத்தன் பொண்ணு கேட்டு வந்துகிறான், வுட்டுடுவனா?" என்று சிரித்தார். புரிந்துதான் சொன்னாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

உள்ளேயிருந்து பெண்ணின் குரல் வந்தது. "அந்த சல்யூட்டு எப்டி அடிப்பாராம்? காட்டச் சொல்லு நைனா."

"தொப்பி இல்லாம அடிக்கக் கூடாது," என்றேன் கடுப்பாக.

"அப்டின்னா கல்யாணத்துக்குத் தொப்பி எடுத்துக்கினு வரச் சொல்லு!"

அவள் அப்பா வெற்றிலைத் தட்டை என் பக்கம் தள்ளினார்.