நான் போட்ட வட்டம்

ஃபோர்ட்டில் டிரேட்மார்க் பதிவு செய்து கொடுக்கும் ஓர் அலுவலகத்தில் விண்ணப்பங்களை நிரப்புவது என் வேலை. ஊறுகாய் போடுகிறவர், செருப்பு செய்கிறவர், அழகு நிலையம் வைத்திருப்பவர் என்று யார் வந்தாலும் எழுந்து போகும்போது கேட்பது ஒரே கேள்விதான். பெயருக்குப் பக்கத்தில் வட்டத்துக்குள் ஆர் எழுத்தைப் போட்டுக்கொள்ளலாமா? நானும் ஒரே பதிலைத்தான் சொல்கிறேன். இப்போதைக்கு டி.எம். என்று சின்னதாகப் போட்டுக்கொள்ளுங்கள். அதை யாரும் போடலாம். இந்தப் பெயர் என்னுடையது என்று நாமே சொல்லிக்கொள்வதுதான் அது. வட்டத்துக்குள் ஆர் என்பது அரசாங்கம் பதிவு செய்து கொடுத்த பிறகு போடுவது, அதற்கு முன்னால் போட்டால் தப்பு. சாயங்காலம் ரயில் ஏறுவதற்குள் தொண்டை வறண்டு போகிறது. சிலர் நன்றாகத் தலையாட்டிவிட்டு நேரே அச்சகத்துக்குப் போய் ஆரையே அடித்துக்கொள்கிறார்கள். எனக்குக் கோபம் வருவதில்லை. எட்டு வயதில் நானும் போட்டவள்தான்.

அப்போது நாங்கள் தாராவியில் தொண்ணூறு அடி ரோட்டுக்குப் பின்னால் குடியிருந்தோம். கீழே ஓர் அறை, மேலே ஏணி வைத்த மச்சு. அம்மா இட்லிப் பொடி அரைப்பாள். தோலோடு உளுந்தும் எள்ளும் மிளகாயும் வறுக்கிற நாளில் சந்து முழுக்கத் தும்மும், பக்கத்து வீட்டில் ஜரிகை வேலை செய்யும் பையன்கள் வாசலில் நின்று இந்தியில் திட்டுவார்கள், திட்டிவிட்டு ஆளுக்கொரு கரண்டி வாங்கிக்கொண்டு போவார்கள். அப்பா அதைப் பிளாஸ்டிக் கவரில் கட்டி, மெழுகுவர்த்தித் தீயில் வாயை ஒட்டி, சைக்கிளில் செம்பூர் காலனிகளுக்குக் கொண்டுபோவார். கூவி விற்க அவருக்குக் கூச்சம். கட்டடத்தின் கீழே நின்று இரண்டு முறை பெல் அடிப்பார், அவ்வளவுதான். அங்கிருந்த பிள்ளைகள் அவருக்குக் கிணிகிணி என்று பெயர் வைத்தார்கள். பிறகு பொடிக்கும் அதே பெயர் வந்தது. மாமிகள் பால்கனியிலிருந்து குனிந்து, “கிணிகிணி, ரெண்டு பாக்கெட்” என்பார்கள். அப்பா அதைச் சொல்லிச் சொல்லிச் சந்தோஷப்படுவார். இந்த ஊருக்கு வந்து இத்தனை வருஷத்தில் யாரோ தனக்கென்று ஒரு பெயர் கொடுத்தது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன்.

பொடிக்குச் சீட்டு வேண்டும் என்றாள் அம்மா. கடையில் விற்கும் எதற்கும் ஒரு சீட்டு இருக்கிறதே. வீட்டில் எழுத்து அழகாக வருவது எனக்குத்தான். மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த எனக்கு ஆங்கிலம் பெரிதாகத் தெரியாது. ஆனால் பார்த்தால் அப்படியே வரைந்துவிடுவேன். ஒரு பெரிய கம்பெனியின் சிப்ஸ் பாக்கெட்டை முன்னால் விரித்து வைத்துக்கொண்டு, அதில் பெயர் இருந்த இடத்தில் தமிழிலும் ஆங்கிலத்திலும் கிணிகிணி என்று எழுதினேன். பெயரின் தோளில் ஒரு குட்டி வட்டம், அதற்குள் ஆர். அதையும் விடவில்லை. வட்டம் சரியாக வரவேண்டும் என்று அம்மாவின் மூக்குத்தித் திருகைக் கழற்றி வாங்கி, அதை வைத்து வரைந்தேன்.

அச்சகத்தில் வேலை பார்த்த மாமா மட்டும் அதை உற்றுப் பார்த்தார். “ஏட்டி, ஆர் எதுக்கு? டி.எம்.னு போடு. திருநெல்வேலி மாவட்டம். நம்ம சரக்குன்னு தெரியும்லா” என்றார். மாமா இப்படி எதையாவது சொல்லிவிட்டு முகத்தை இறுக்கமாக வைத்துக்கொள்வார். நான் நம்பிவிட்டேன், ஆனாலும் ஆரை மாற்றவில்லை. டி.எம். என்பது வெறும் இரண்டு எழுத்து. ஆருக்குத்தான் வட்டம் இருந்தது.

அந்த வருஷம் ஆயுத பூஜையில் மிக்சிக்கும் சைக்கிளுக்கும் பொட்டு வைத்தபோது, அப்பா என் சீட்டு ஒன்றையும் படத்துக்கு முன்னால் வைத்துச் சந்தனம் தொட்டார். அதன் பின்பக்கத்தில் தம்முடைய கோணல் எழுத்தில் வருஷத்தைக் குறித்துப் பிஸ்கட் டப்பாவில் போட்டார். அடுத்த இரண்டு ஆயுத பூஜைக்கும் அப்படியே செய்தார். இரண்டாம் வருஷத்திலிருந்து நான் தினமும் எழுதவில்லை. ஒன்று எழுதிக் கொடுத்தால் ஜெராக்ஸ் எடுத்துக்கொள்வார்கள். என் கையெழுத்து செம்பூர் முழுக்கச் சமையலறைகளில் இருக்கிறது என்று வகுப்பில் பீற்றிக்கொண்டு அலைந்தேன்.

முதல் ஆயுத பூஜை கழிந்த பிறகு வந்த கோடை விடுமுறையில்தான் வாஷிக்காரர் வந்தார். வாஷி மார்க்கெட்டுக்குப் பக்கத்தில் கடை வைத்திருந்த தமிழர், மொத்தமாகப் பொடி எடுக்க வந்தவர். வீட்டுக்குள் குனிந்து நுழைந்து, அம்மா கொடுத்த டீயைக் குடித்து, சீட்டைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எழுதியது நான் என்று அப்பா காட்டிக் கொடுத்ததும், “ஏ பாப்பா, பிரிண்டிங் மாதிரி இருக்கே!” என்று சொல்லித் தம் சட்டைப் பையிலிருந்த நாலு கலர் பேனாவை எனக்கே கொடுத்துவிட்டார். அவரைப் போல நல்லவர் உலகத்திலேயே இல்லை என்று அன்று முடிவு செய்தேன். அவர் ஒரு வருஷம் எங்களிடம் பொடி வாங்கினார். பிறகு நிறுத்திவிட்டார். கொஞ்ச நாளில் பளபளவென்று ஒரு பை கடைகளில் தொங்க ஆரம்பித்தது. கிணிகிணி என்று பெயர், பக்கத்தில் பொடி எழுத்தில் டி.எம்.

நம் பெயரைப் பிடித்துப்போய் அவரும் வைத்திருக்கிறார் என்றார் அப்பா. எனக்கு அந்த டி.எம்.மைப் பார்த்துச் சிரிப்புத்தான் வந்தது. பாவம், இவ்வளவு பெரிய கடைக்காரருக்கு ஆர் போடத் தெரியவில்லை.

இன்று யோசித்தால் அந்த மனிதர் எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்திருக்கிறார். முதலில் விண்ணப்பம், பதிவாகும் வரைக்கும் டி.எம்., பதிவு கைக்கு வந்ததும் ஆர். என் வாடிக்கையாளர்களுக்கு நான் தினமும் சொல்லிக்கொடுக்கிற அதே வரிசை. பெயர் பதிகிற அலுவலகம் ஆன்டாப் ஹில்லில், எங்கள் வீட்டிலிருந்து ஒரு பஸ் தூரத்தில் இருந்தது. அப்பா சில நாள் அந்த வழியாகத்தான் சைக்கிள் மிதிப்பார். அதன் வாசலில் நின்று இளநீர்கூடக் குடித்திருக்கலாம்.

எனக்குப் பதினொரு வயதானபோது வாஷிக்காரரிடமிருந்து நோட்டீஸ் வந்தது. ஆங்கிலத்தில் மூன்று பக்கம். அப்பா அதை மடித்து எடுத்துக்கொண்டு, மாட்டுங்காவில் பொடி வாங்குகிற ஒரு வக்கீல் வீட்டுக்குப் போனார். பிஸ்கட் டப்பாவை மஞ்சள் பையில் போட்டுக்கொண்டார், என்னையும் கூட்டிப்போனார். யார் முதலில் அந்தப் பெயரை வைத்தது என்று சொல்ல டப்பாவில் மூன்று சீட்டு இருக்கிறது என்று வழியெல்லாம் தைரியமாகத்தான் பேசிக்கொண்டு வந்தார். “நம்மகிட்ட ஆதாரம் இருக்குல்லா. சாமி முன்னால வச்ச காயிதம்” என்றார்.

வக்கீல் வீட்டுக் கூடத்தில் எங்களை சோபாவில் உட்காரச் சொன்னார்கள். அப்பா நுனியில் உட்கார்ந்து பையைக் கால்களுக்கு நடுவில் வைத்துக்கொண்டார். வக்கீல் நோட்டீஸைப் படித்து முடித்துக் கண்ணாடியைக் கழற்றினார்.

“பேரைக் காப்பி அடிச்சேன்னு போட்டிருக்கான். அது கிடக்கட்டும். ரிஜிஸ்டர் பண்ணாமலே ஆர் போட்டிருக்கியாமே? இதுக்கு ஜெயில்கூட உண்டு, தெரியுமோ? யார் போட்டா இதை?”

என் வட்டத்தைப் பற்றித்தான் பேச்சு என்பது மட்டும் எனக்குப் புரிந்தது. மாட்டுங்கா வக்கீல் வரைக்கும் அது போயிருக்கிறதே என்று பெருமை தாங்கவில்லை. நான்தான் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அப்பாவின் கை என் முழங்காலில் வந்து அழுத்தியது. வலித்தது.

“நாந்தான் சார். சிப்ஸ் பாக்கெட்டப் பாத்து வரைஞ்சேன்” என்றார்.

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஆங்கிலத்தில் தம் பெயரைக்கூட எழுதத் தெரியாதவர், என் எழுத்தைத் தம் எழுத்து என்று என் முன்னாலேயே சொல்கிறார்.

வக்கீல் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. “சரி, அதைப் பேசித் தீர்த்துக்கலாம். பேர்தான் முக்கியம். அவன் அப்ளை பண்றதுக்கு முன்னாடியே நீ இந்தப் பேர்ல வித்திண்டிருந்தேன்னு காமிச்சாப் போறும், உன்னை ஒண்ணும் பண்ண முடியாது. பழைய லேபிள் ஏதாவது வெச்சிருக்கியோ?”

அப்பா பையைப் பார்த்தார். பிறகு ஒரு கேள்வி கேட்டார். “எழுதினது யாருன்னு கேப்பாவளா சார்?”

“கேக்காம? சந்தேகம் வந்தா எழுதிக் காமின்னு கோர்ட்லயே பேப்பரைக் குடுப்பா.”

உள்ளே சமையலறையில் குக்கர் விசில் அடித்தது. அப்பா பையின் வாயைச் சுருட்டி மூடினார். “ஒண்ணும் இல்ல சார். எல்லாம் மழைத் தண்ணியில போயிட்டு” என்றார்.

“அப்பா, டப்பா...” என்றேன். முழங்காலில் இருந்த கை மறுபடி அழுத்தியது. வக்கீல் என்னைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார், கீழே இருந்த மஞ்சள் பையையும் பார்த்தார். அவர் என்ன நினைத்தாரோ, மேலே எதுவும் கேட்கவில்லை. வேறு வழி இல்லை என்றால் சமாதானமாகப் போவதுதான் நல்லது என்றார்.

பத்து நாளில் சமாதானம் ஆயிற்று. அந்தப் பெயரையோ அதைப் போன்ற எதையுமோ இனிமேல் பயன்படுத்த மாட்டேன் என்று எழுதியிருந்த தாளில் அப்பா தமிழில் கையெழுத்துப் போட்டார். ஆர் விஷயத்தை அவர்களும் விட்டுவிட்டார்கள். வீட்டுக்கு வந்ததும் அப்பா ஸ்பேனரை எடுத்துச் சைக்கிளிலிருந்து பெல்லைக் கழற்றினார். அதை யாரும் கழற்றச் சொல்லவில்லை. “அதைப் போன்ற எதையும்” என்று வக்கீல் வாசித்துக் காட்டியதில் பெல்லும் அடக்கம் என்று அவராகவே நினைத்துக்கொண்டார். அம்மா பார்த்துக்கொண்டே இருந்தாள். “அத எதுக்குங்க?” என்று கேட்டாள். அவர் பெல்லைத் துடைத்து டப்பாவில் சீட்டுகளோடு போட்டு மூடினார்.

அதன் பிறகு அவர் காலனிகளில் கதவு கதவாகத் தட்டிப் பார்த்தார். செம்பூரில் பாதிப் பேர் கடையிலிருந்து பளபளப்புப் பையை வாங்கியிருந்தார்கள், நீங்கள் கடையில் போட ஆரம்பித்துவிட்டீர்கள் என்றுதான் நினைத்தோம் என்றார்கள். இல்லை என்று விளக்கி அவருக்கு அலுத்துப்போயிற்று. அடுத்த மழைக்காலத்துக்குள் அம்மாவின் மிக்சி ஓய்ந்தது. அப்பா ஒரு தோல் பட்டறையில் கட்டுத் தூக்கும் வேலைக்குப் போனார், இடுப்பு விட்டுப்போகும் வரை அங்கேதான் இருந்தார்.

இந்த வேலையில் சேர்ந்த முதல் வாரத்தில் சட்டப் புத்தகத்தைக் கொடுத்துப் படிக்கச் சொன்னார்கள். பதிவாகாத பெயருக்கு ஆர் போட்டால் சிறை வரைக்கும் இடம் இருந்தது, வக்கீல் சும்மா மிரட்டவில்லை. இப்போது அதைத் தளர்த்திவிட்டார்கள். அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். என் முழங்காலை எதற்காக அழுத்தினார் என்பது அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. எங்கள் பெயரைக் காப்பாற்ற இருந்தவை அந்த மூன்று சீட்டுகள்தான். மூன்றிலும் என் கையெழுத்து, மூன்றிலும் அம்மாவின் மூக்குத்தித் திருகு அளவுக்கு ஒரு வட்டம்.

ஆனால் எட்டு வயதுப் பிள்ளை விவரம் தெரியாமல் வரைந்ததற்கு எந்தக் கோர்ட்டும் யாரையும் உள்ளே வைத்திருக்காது. ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அந்த வக்கீல் சிரித்திருப்பார். கேட்கவேண்டுமானால் எழுதியது நான் என்று சொல்லியாக வேண்டும். அதை அந்த வக்கீலிடம் அப்பா சொல்லவே இல்லை, எதற்காக விட்டுக்கொடுத்தார் என்பதை அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. இப்போது பாண்டுப்பில் என்னோடுதான் இருக்கிறார். வேலை முடிந்து வந்தால், இன்றைக்கு எத்தனை பேருக்கு ஆர் வாங்கிக் கொடுத்தாய் என்று கேட்பார். ஏதோ ஓர் எண்ணைச் சொல்வேன். மற்றதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சொன்னால், விட்டுக்கொடுத்திருக்கவே வேண்டாம் என்று இந்த வயதில் அவருக்குத் தெரிந்துவிடும்.

பெல்லைக் கழற்றிய அன்று சாயங்காலம் நான் அவரோடு பேசாமல் மச்சில் போய் உட்கார்ந்திருந்தேன். சாப்பிடக் கூப்பிட ஏணியில் பாதி ஏறி வந்தார். பள்ளிக்கூடத்தில் பயந்தாங்கொள்ளிகளை நாங்கள் திட்டுகிற இந்திச் சொல்லை அவர் முகத்துக்கு நேராகச் சொன்னேன்.

“நீங்க டர்போக் அப்பா.”

அவருக்குக் கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். ஏணியைப் பிடித்திருந்த ஒரு கையை எடுத்து என் பக்கம் நீட்டினார்.

“ஆமாட்டி, பயந்துதான் போயிட்டேன். வா, வந்து சாப்பிடு” என்றார்.

அவரே ஒப்புக்கொண்டுவிட்டார் என்று எனக்குத் திருப்தியாக இருந்தது. எதற்குப் பயந்தார் என்று நான் கேட்கவில்லை.