நெல் என்று நான் சுமந்தது

திருவிதாங்கூரும் கொச்சியும் ஒன்றாகி மறு வருஷம் அது. எனக்கு நாற்பது நெருங்கிக்கொண்டிருந்தது. மணவாளக்குறிச்சியில் கருமணல் கம்பெனியில் சுமட்டுக்காரனாகச் சேர்ந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. மணலைக் கட்டிய சாக்குகளைத் தலையில் ஏற்றி, சாய்த்து வைத்த பலகை வழியாக ஏறி லாரியில் அடுக்குவோம். லாரி குளச்சலுக்குப் போகும். அங்கே வள்ளத்தில் ஏற்றிக் கப்பலுக்குக் கொண்டுபோவார்கள். நாங்கள் பதினாறு பேர். எங்களுக்கு மேலே ஒரு மூப்பன்.

அதற்கு முன்னால் நான் கொட்டாரம் என்கிற ஊரில் களத்து நெல் சுமந்தவன். நெல் சாக்கு கழுத்துவரை நிறைந்து நிற்கும். மணல் சாக்கைப் பாதிக்குமேல் நிரப்ப மாட்டார்கள். அதற்குமேல் யாராலும் தூக்க முடியாது. இது எனக்குத் தெரியும். ஆனால் உடம்புக்குத் தெரியவில்லை. உடம்பு கண்ணால் பார்த்ததை நம்பியது. பாதிச் சாக்கு என்றால் பாதிப் பாரம்.

வைகாசிக் கடைசியில், மழைக்கு முந்திய கடைசி லாரி நின்ற அன்று, ஒரு சாக்கு தனியே வழியில் கிடந்தது. நகர்த்து என்றார் மூப்பன். இரண்டு பேர் பிடிக்க வேண்டியது. பக்கத்தில் நின்றவர்கள் பீடி குடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களைக் கூப்பிட எனக்குக் கூச்சம். தனியாகக் குனிந்தேன், முழங்காலை மடக்காமல், நெல் சாக்கைப் பிடிப்பதுபோல. நனைந்த துணியைக் கிழித்ததுபோல முதுகின் அடியில் என்னவோ ஆயிற்று. உட்கார்ந்துவிட்டேன். வலதுகால் எனக்குச் சொந்தமில்லாததுபோல இருந்தது. அன்றைக்கு என்னைப் பலகையில் வைத்துத்தான் வீட்டுக்குத் தூக்கி வந்தார்கள்.

எங்கள் பக்கம் முதுகின் அடிப்பாகத்தை நடு என்பார்கள். நடு பிடித்துப்போனால் வர்ம ஆசானிடம்தான் போவோம். ஆசான் வந்து எண்ணெய் இட்டுத் தடவி, இறுக்கிக் கட்டுப் போட்டார். மூன்று வாரம் தரையில் கிடந்தேன். வலியைப் பற்றி அதிகம் எழுத விருப்பமில்லை. வலி ஒரு வழியாகக் குறைந்தது. பயம் குறையவில்லை. தும்மல் வந்தால் மூக்கைப் பிடித்துக்கொள்வேன். இளைய மகள் பாயில் ஓடிவந்து விழப் பார்த்தால் கத்திவிடுவேன். பிறகு அவள் அருகே வருவதை நிறுத்திவிட்டாள். அது இன்னும் மோசமாக இருந்தது.

கம்பெனிக் கொட்டகையின் சுவரில் பதினாறு மரக்குச்சிகள் அடித்திருக்கும். ஒவ்வொன்றிலும் ஒருவனுடைய சும்மாடு தொங்கும். சும்மாடு என்றால் தலையில் பாரத்துக்கு அடியில் வைக்கிற துணிச் சுருள். ஆனி, ஆடி இரண்டு மாதமும் கடல் கொந்தளிப்பு, கப்பல் கிடையாது, எங்களுக்கும் வேலை கிடையாது. ஆவணியில் முதல் கப்பல் வருகிற அன்றைக்கு எல்லோரும் வந்து நிற்க வேண்டும். வராதவனுடைய சும்மாட்டைக் கழற்றி வீட்டுக்குக் கொடுத்தனுப்பிவிடுவார்கள். அதற்குமேல் பேச்சில்லை. அடிபட்டுத் திரும்பி வருகிறவன் முதல் சாக்கைச் சுமக்க வேண்டும், மற்றவர்கள் நின்று பார்ப்பார்கள். இதுவும் ஒரு முறை. நான் பாயில் கிடந்தபடி அந்தப் பதினைந்து பேருடைய கண்களைத்தான் நினைத்துக்கொண்டிருப்பேன்.

ஆனிக் கடைசியில் ஆசான் என்னை எழுந்து நடக்கச் சொன்னார். முதலில் கிணற்றடி வரை. பிறகு வள்ளியாறு வரை. அங்கே இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, ஒழுக்குக்கு எதிராக நூறு அடி, ஒழுக்கோடு நூறு அடி நடக்க வேண்டும். ஆள் நடமாட்டம் தொடங்குமுன் போய்விடுவேன். தண்ணீருக்குள் நடு லேசாக இருக்கும். கரையேறும்போது பாரம் திரும்ப வந்து உட்காரும். அந்த நேரத்தில் கரையில் இருந்த பூவரச மரத்தைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்பேன். யாராவது வந்தால் வேட்டியைப் பிழிகிறவன்போல நிற்பேன்.

ஆடி முதல் வாரம் ஆசான் சொன்னார்:

"இனி தலையில பாரம் வச்சு நடக்கணும் மக்கா. பெட்டியில ஒரு மரக்கால் நெல்லு. ஏழு நாளு களிஞ்சு ரெண்டு. அப்பிடி நாலு மரக்கால் வரை. ஆனா நீ குனியப்பிடாது. வீட்டுக்காரி தூக்கி வைக்கணும், அவளே இறக்கணும். கேட்டியா?"

"நெல்லு எதுக்கு ஆசானே? கல்லு போதாதா?" என்றாள் என் மனைவி.

"நெல்லு தலைக்குத் தக்கன ஒதுங்கிக் குடுக்கும். கல்லு குடுக்குமா?"

வீட்டில் நெல் இருந்தது. கொட்டாரத்திலிருந்து அவள் அண்ணன் கொடுத்துவிட்ட அரைச் சாக்கு. மறுநாள் காலையில் அவள் ஓலைப்பெட்டியில் நெல்லை மரக்காலால் அளந்து, வாயைத் துணியால் கட்டி, என் தலையில் வைத்தாள். நான் இரண்டு கையாலும் பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு ஆற்றங்கரைப் பாதையில் நடந்தேன். ஒரு மரக்கால் நெல் எனக்கு ஒரு பாரமே இல்லை. ஐந்தாறு நாள் நன்றாக நடந்தேன். ஒரு நாள் திரும்பி வரும்போது மூத்த மகளிடம் ஏதோ வேடிக்கையாகக்கூடப் பேசினேன்.

இரண்டாவது மரக்கால் வைத்த அன்று வாசலிலேயே நின்றுவிட்டேன். கழுத்து உள்ளே இறங்கியது. நடுவில் பழைய இடத்தில் யாரோ பெருவிரலை வைத்து அழுத்துவதுபோல இருந்தது.

"என்னாச்சு?" என்றாள்.

"ஒண்ணுமில்ல."

நடந்தேன். களத்தில் இருபது மரக்கால் கட்டிய சாக்கோடு ஓடியவன் நான். இரண்டு மரக்காலுக்கு முழங்கால் நடுங்குகிறது. நடு சரியாகவில்லை, உள்ளே எதுவோ அறுந்தே கிடக்கிறது, ஆசானுக்கு அது தெரியவில்லை என்று முடிவு செய்தேன். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அது உண்மையாகிவிடும் என்று ஒரு எண்ணம். ஒவ்வொரு நாளும் காலை விழித்ததும் அந்தப் பெட்டிதான் முதலில் நினைவுக்கு வரும். மழை பெய்தால் சந்தோஷப்பட்டேன், அன்று நடக்க வேண்டாமே என்று. அவள் விடமாட்டாள். மழை விட்டதும் பெட்டியைக் கொண்டுவந்து நிற்பாள். தூக்கும்போது அவளுக்கும் மூச்சு வாங்கும். பக்கத்து வீட்டுக்காரியையும் ஒரு கை பிடிக்கக் கூப்பிட்டாள். நான் அதைப் பார்த்தேன். பட்டினியில் அவளும் மெலிந்துபோனாள் என்று நினைத்தேனே தவிர வேறு நினைக்கவில்லை.

நெல் பெட்டி நடக்கும்போது சலசலக்கும். இது எனக்குத் தெரியாததா? ஆனால் நான் பெட்டியைக் கேட்கவில்லை. என் நடுவைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

மூன்றாவது மரக்கால் வைத்து நாலைந்து நாள் இருக்கும். ஆற்றங்கரையில் பாதி தூரம் போயிருந்தேன். தோளில் ஏதோ ஊர்வதுபோல இருந்தது. வேர்வை என்று விட்டேன். பிறகு அது நெஞ்சு வழியாக இறங்கியது. ஒரு கையை எடுத்துத் தொட்டுப் பார்த்தேன். விரலில் கறுப்பாக ஒட்டியிருந்தது. மணல்.

அப்படியே நின்றேன். தலையில் இருப்பது என்ன என்று தெரிந்துவிட்டது. ஆனால் இறக்க முடியாது. இறக்க வேண்டுமானால் குனிய வேண்டும், சரித்துவிட்டால் நடு வெட்டிக்கொள்ளும். கூப்பிட ஆள் இல்லை. இருந்தாலும் கூப்பிட்டிருக்க மாட்டேன். மூன்று வாரமாக ஒவ்வொரு நாளும் நடந்த பாதை அது. இப்போது ஒரு அடி எடுத்துவைக்கக் கால் வரவில்லை. நெல் என்று நினைத்தவரை நடந்த கால், மணல் என்று தெரிந்ததும் நின்றுவிட்டது. வீடு வந்து சேர வெகு நேரம் ஆயிற்று.

அவள் பெட்டியை இறக்கியதும் கேட்டேன்.

"இது என்னதாக்கும்?"

அவள் பெட்டியின் மூலையில் விழுந்திருந்த ஓட்டையைப் பார்த்தாள். "மணலு," என்றாள்.

"நெல்லு எங்க?"

"பின்ன, இந்த ரெண்டு வாரமும் நாம என்னத்தத் தின்னோம்ணு நெனச்சிய?"

அவள் சேலைத் தலைப்பால் என் தோளைத் துடைத்தாள்.

"கடக்கரையில அள்ளிட்டு வந்தேன். மரக்காலுக்கு மரக்கால் செரியாத்தான் அளந்தேன். தலை தட்டி, வழிச்சு அளந்தேன். ஒரு பிடி கூடவும் இல்ல, கொறயவும் இல்ல. ஆசான் மரக்காலுண்ணுதானே சொன்னாரு?"

கோபப்பட நினைத்தேன். முடியவில்லை. கொட்டாரத்தில் எதையும் யாரும் நிறுத்துப் பார்ப்பதில்லை. நெல்லும் பயறும் கொள்ளும் மரக்காலில்தான். மரக்கால் அளவு சரி என்றால் எல்லாம் சரி. பாதிச் சாக்கைப் பார்த்து ஏமாந்த எனக்கு அவளைச் சொல்ல என்ன இருக்கிறது?

இருவரும் ஆசான் வீட்டுக்குப் போனோம். அவர் கேட்டுவிட்டுச் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை. என்னைக் குப்புறப் படுக்கவைத்துப் பெருவிரலால் முதுகெலும்பை ஒவ்வொரு கண்ணியாக அழுத்திப் பார்த்தார். அவர் மூச்சு என் கழுத்தில் பட்டது.

"பெண்ணே, மூணு மரக்கால் மணலு என்ன பாரம் இருக்கும்ணு நெனக்க? நாலு பங்கு. நெல்லுக்கு நாலு பங்காக்கும் இவன் சொமந்தது."

"செத்துப் போவாரா ஆசானே?" என்று கேட்டாள் அவள். அவள் குரல் அப்படி உடைந்து நான் கேட்டதில்லை.

"சாவ மாட்டான். இப்ப ஒண்ணும் தட்டுப்படல்ல. ஆனா நடு உடனே சொல்லாது. பாரம் தூக்குன அண்ணைக்கு சும்மா கெடக்கும். மறுநாளு காலத்த பாயிலருந்து எந்திரிக்கும்பந்தான் கணக்கு கேக்கும். இனி ஒரு மாசம் ஒரு துரும்பு தூக்கப்பிடாது."

சரி என்று வந்தோம்.

மூன்றாம் நாள் எங்கள் கூட்டத்தில் ஒருவன், வாயாடி, வேலிக்கு வெளியே நின்று கூப்பிட்டான்.

"லேய், இருக்கியா? வெள்ளிக்கிழம கப்பலு. ஆத்துல எருமை மாதிரி முங்கிக் கெடந்தது போதும், வந்து சேரு."

"நானா?"

"பின்ன ஒன் பாட்டனா? மூப்பன் ஒன் சும்மாட்டையே பாத்துட்டு நிக்காரு. அவரு மச்சினன் ஒருத்தன் வேலை இல்லாம நிக்கான், தெரியுமில்லா?"

அவன் போன பிறகு அவள் அடுப்படியிலிருந்து வெளியே வந்தாள். அடுப்பில் மரச்சீனிக் கிழங்கு வெந்துகொண்டிருந்தது. மூன்று நாளாக அதுதான்.

"போவாண்டாம்ணு சொல்ல எனக்கு வாயி வரல்ல," என்றாள். "போங்கண்ணும் வரல்ல."

வெள்ளிக்கிழமை போனேன். பதினைந்து பேரும் கொட்டகை முன்னால் நின்றார்கள். நான் தரையைப் பார்த்துக்கொண்டே சும்மாட்டை எடுத்துத் தலையில் வைத்தேன்.

"நடு எப்படி இருக்கு?" என்றார் மூப்பன்.

"கொள்ளாம், நல்லாயிருக்கு."

"செரி, நில்லு."

இரண்டு பேர் சாக்கைப் பிடித்தார்கள். எங்கள் முறையில் ஒரே குரல், ஒரே வீச்சு. சாக்கு தலைக்கு வந்துவிடும். அவர்கள் கை மேலே வரும்போது என் வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அது என் சத்தம்தானா என்று எனக்கே சந்தேகம்.

"நில்லுங்க. பைய வையுங்க. எனக்குப் பேடியா இருக்கு."

பயம் என்று சொன்னதும் சாக்கு பாதியில் நின்றது. யாரோ பின்னால் சிரித்தான். "பொண்ணு பார்க்க வந்திருக்கான் மாப்பிள்ளை," என்றான் வாயாடி. மூப்பன் அவனைத் திரும்பிப் பார்த்தார், அவ்வளவுதான். பிடித்திருந்த இருவரும் சாக்கைக் குழந்தையை இறக்குவதுபோல என் தலையில் இறக்கினார்கள். பாரம் பையப் பைய வந்தது. வரவர என் முழங்கால்கள் அதை வாங்கிக்கொண்டன. ஆசானுடைய பெருவிரல் பட்ட இடங்கள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. வலி இல்லை. வலி எப்போது வரும் என்பதுதான் இருந்தது.

பலகையில் ஏறினேன். அது பாதி வழியில் வளைந்து ஆடும். அங்கே ஒரு கணம் நின்றுவிட்டேன். ஏறிப்போய்ச் சாக்கைப் போட்டேன். இறங்கி வந்தேன். அடுத்ததற்கும் பைய வைக்கச் சொன்னேன். அன்று முழுவதும் ஒவ்வொரு சாக்குக்கும் சொன்னேன். சொல்லச் சொல்லக் கூச்சம் போய்விடும் என்பார்கள். எனக்குப் போகவில்லை. ஒவ்வொரு தடவையும் காது சூடாயிற்று.

சாயங்காலம் மூப்பன், "நாளைக்கும் லாரி உண்டு, வந்திரு," என்றார். வருகிறேன் என்றேன். வருவேனா என்று எனக்குத் தெரியாது. ஆசான் சொன்ன அந்த மறுநாள் காலை இனிமேல்தான் வர வேண்டும்.

மறுநாள் விழித்தபோது இன்னும் விடியவில்லை. அசையாமல் கிடந்தேன். கால் விரலை அசைத்துப் பார்க்கவும் துணிவில்லை. பக்கத்தில் அவளும் விழித்துத்தான் கிடந்தாள், மூச்சில் தெரிந்தது. கோழி கூவி, பால்காரன் போய், வெயில் சுவரில் ஏறும்வரை இருவரும் அப்படியே கிடந்தோம்.

கடைசியில் அவள்தான் கேட்டாள்.

"எந்திச்சுப் பாக்கேளா?"

ஒருக்களித்தேன். முழங்காலை மடக்கினேன். கையைத் தரையில் ஊன்றினேன். பாயில் உட்கார்ந்தேன். பிறகு நின்றேன். மரக்கட்டைபோல விறைத்திருந்தது, ஆனால் நின்றேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டு என் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

முகம் கழுவிவிட்டு வேலைக்குப் போனேன். போகிற வழியெல்லாம் அதற்கு மறுநாள் காலையை நினைத்துப் பயந்துகொண்டே போனேன்.