ஃப்ரிட்ஜ் மேல் பச்சை பர்ஃபி

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நான் ஒரு முட்டாள். அதுவும் சாதாரண முட்டாள் இல்லை, கணக்கு வாத்தியார் முட்டாள். உத்திரமேரூரில் எத்தனையோ பிள்ளைகளுக்குப் பின்னம் சொல்லிக்கொடுத்தவன். பலகையில் தோசை வரைந்து, அதை இரண்டாக வெட்டி, பாதியும் பாதியும் சேர்ந்தால் ஒன்று என்று தொண்டை வறளக் கத்தியவன். அப்படிப்பட்டவன், பாதி பர்ஃபி சாப்பிட வேண்டிய இடத்தில் எவ்வளவு சாப்பிட்டோம் என்றே தெரியாமல், சொந்த வீட்டு மொட்டை மாடியில் மல்லாந்து கிடந்தேன். யார் யார் சபைக்கு ஆகமாட்டார்கள் என்று எங்கள் ஊரில் அந்தக் காலத்திலேயே கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். கோயில் பக்கம் போகும்போதெல்லாம், அதில் எனக்கும் ஒரு வரி இருக்குமோ என்று இன்றைக்கும் ஒரு சந்தேகம் வருகிறது.

எங்கள் மாடியில் ஒற்றை அறை ஒன்று உண்டு. அப்போது அதில் குடியிருந்தவர் காசிப் பக்கத்துக்காரர். ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் வெல்டர். என்னை அண்ணா என்பார், என் மனைவியை பாபி என்பார், அவர் பாஷையில் அண்ணி. ஞாயிற்றுக்கிழமைகளில் மாடியில் கரி மூட்டி, கோதுமை உருண்டைகளைச் சுட்டு, நெய்யில் முக்கி, சுட்ட கத்தரிக்காய் மசியலோடு தருவார். அவருக்குத் தமிழ் பாதி வராது, எனக்கு இந்தி முழுக்க வராது. ஆனாலும் பேச்சு நிற்காது. ஏரிப் பக்கமிருந்து காற்று வரும். அவர் ஊர் கங்கையையும் எங்கள் ஊர் ஏரியையும் ஒப்பிட்டு, எதில் தண்ணீர் இருக்கிறது என்று சண்டை போடுவோம். எப்போதும் நான்தான் தோற்பேன். இப்போதும் தெருவில் எங்காவது கரி வாசனை வந்தால், கால் தானாக மாடிப்படி பக்கம் திரும்புகிறது.

கீழே கூடத்தில் டியூஷன். சாயந்திரம் ஆறு மணிக்குப் பிள்ளைகள் வந்துவிடுவார்கள். சமையலறையில் இடமில்லாததால் ஃப்ரிட்ஜும் கூடத்தில்தான். அதன் தலையில் எப்போதும் ஒரு மிட்டாய் டப்பா இருக்கும். கடலை உருண்டையோ, சோன்பப்டியோ, யார் வீட்டு விசேஷத்திலாவது மிஞ்சிய மைசூர்பாகோ. கணக்கை முதலில் போட்டு முடிக்கிறவர்கள் என்னைக் கேட்காமலே ஸ்டூல் போட்டு ஏறி ஒன்று எடுத்துக்கொள்ளலாம். இந்தச் சட்டத்தைப் போட்டவன் நானே. எங்கள் தெருவில் வகுத்தலுக்கு இருந்த மரியாதைக்கு அந்த டப்பாதான் காரணம்.

என் மனைவிக்கு பஸ் ஸ்டாண்ட் பக்கம் மருந்துக்கடை. அவள் என் மாமன் மகள், படித்த பார்மசிஸ்ட். லைசென்ஸ் அவள் பெயரில், கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறது. நான் போனால் ஸ்டூலில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசலாம். பாராசிட்டமால் அட்டையைக்கூடத் தொட விடமாட்டாள்.

ஒரு பங்குனியில் காசிக்காரர் ஹோலிக்கு ஊருக்குக் கிளம்பினார். அப்போது நான்தான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், "உங்க ஊர்ல பாங்கு பர்ஃபி விப்பாங்களாமே, எனக்கு ஒண்ணு கொண்டா தம்பி" என்றேன். கஞ்சா இலையை அரைத்துப் பாலோடு கிளறுகிற சமாச்சாரம். அவர் ஊரில் அதற்கு அரசாங்க அனுமதியோடு கடையே இருக்கிறதாம். நம் ஊரில் அது குற்றம். அது எனக்குத் தெரியாமல் இல்லை.

ரயிலில் வந்து இறங்கிய களைப்போடு, மத்தியானம் அவர் டப்பாவைக் கொண்டுவந்து நீட்டினார். பச்சையாக, மேலே வெள்ளித் தாள் ஒட்டி, பார்க்க அவ்வளவு அழகு.

"அண்ணா, ஆதா. பாதி. பாதி மட்டும். அப்றம் சும்மா உக்காரு."

"நீ துன்னலயா?"

"நாளைக்கு டூட்டி அண்ணா. வெல்டிங். வேணாம்." சொல்லிவிட்டு மேலே போய்ப் படுத்துவிட்டார்.

நான் பாதி சாப்பிட்டேன். அன்றைக்குக் கருவாட்டுக் குழம்பு, வயிறு முட்ட. பர்ஃபி அதற்கு மேல் போய் உட்கார்ந்தது. காத்திருந்தேன். எவ்வளவு நேரம் என்கிறீர்கள்? ஒரு தோசை வேகிற நேரம். ஒன்றும் ஆகவில்லை. மீதிப் பாதியை அப்படியே விட்டால் எறும்பு மொய்க்குமே என்று அதையும் போட்டுக்கொண்டேன். அப்போதும் ஒன்றுமில்லை. "ஏமாத்திட்டாங்கப்பா, வெறும் பிஸ்தா" என்று முணுமுணுத்துக்கொண்டே இன்னொன்றை முழுசாக எடுத்தேன். அது போதைக்கு இல்லை, ருசிக்கு. பிறகு கை பழக்கத்தில் டப்பாவை அதன் இடத்தில் வைத்தது. நான் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போனேன்.

வெயில் இறங்கும்போதுதான் அது வந்தது. முதலில் என் கை என்னுடையது இல்லை என்று தோன்றியது. யாரோ ஒருவர் மறந்து வைத்துவிட்டுப் போன கைபோல நாற்காலியில் கிடந்தது. தண்ணீர்த் தொட்டியில் சொட்டு விழும் சத்தம் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதாகப் பட்டது. "வரேன் இரு" என்று மரியாதையாகப் பதில் சொன்னேன். செங்கல்பட்டு பஸ் ஒரு ஹாரன் அடித்தது. அந்த ஹாரன் முடியவே இல்லை. சிரிப்பு வந்தது. பிறகு சிரிப்பு நின்று நெஞ்சு தடதடவென்று அடிக்க ஆரம்பித்தது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. நாற்காலியிலிருந்து இறங்கித் தரையில் படுத்தேன்.

அப்போது கீழே செருப்புகளைக் கழற்றிப் போடும் சத்தம். பிள்ளைகள்.

டப்பா ஃப்ரிட்ஜ் மேல்.

இத்தனை வருடங்களில் அப்படி ஒரு பயம் எனக்கு வந்ததில்லை. எழுந்தேன், விழுந்தேன். படிக்கட்டு தலைகீழாகத் தெரிந்தது. "தொடாதீங்க" என்று கத்தினேன், சத்தம் வாய்க்குள்ளேயே நின்றுவிட்டது. ஊர்ந்துபோய் காசிக்காரர் கதவைத் தட்டினேன். அவர் லுங்கியைப் பிடித்துக்கொண்டே திறந்தார்.

"டப்பா... பசங்க..." என்றேன்.

அவருக்கு வேறு வார்த்தை தேவைப்படவில்லை. வெறுங்காலோடு இரண்டிரண்டு படியாகத் தாவி இறங்கினார். நான் சுவரோரம் உட்கார்ந்து ஒவ்வொரு பிள்ளையின் முகத்தையும் நினைத்துக்கொண்டிருந்தேன். மேலே வந்தவர் கையை விரித்தார்.

"பசங்க இல்லை, டப்பா இல்லை அண்ணா."

என் உயிர் அங்கேயே பாதி போயிற்று. அந்தப் பாதியை மட்டும் சரியாக அளந்து சொல்வேன்.

அவருக்குப் பின்னாலேயே என் மனைவி வந்தாள். ஒரு கையில் டப்பா, இன்னொரு கையில் உள்ளறையிலிருந்து எடுத்த பிரஷர் மெஷின். டீ குடிக்க வீட்டுக்கு வந்தவள், ஏழாவது படிக்கிற ஒரு பெண் ஸ்டூல் மேல் நின்று பர்ஃபியைக் கையில் எடுத்திருப்பதைப் பார்த்திருக்கிறாள். பச்சையும் வாசனையும் புதிதாக இருக்கவே, வாயில் வைப்பதற்குள் பிடுங்கிவிட்டாள். டப்பாவில் குறைந்திருந்ததையும் என்னைக் காணாததையும் கூட்டி அவளே கணக்குப் போட்டுக்கொண்டாள். அத்தனை பிள்ளைகளையும் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்து, சாருக்கு உடம்பு சரியில்லை என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டுத்தான் மேலே ஏறியிருக்கிறாள்.

என் கையில் பட்டையைச் சுற்றிக்கொண்டே கேட்டாள்.

"எத்தினி துன்ன மாமா?"

"பாதி."

"எத்தினி பாதி?"

நான் விரலை மடக்கி எண்ணப் பார்த்தேன். விரல்கள் கணக்கில் வரவில்லை.

"ஏறவே இல்லம்மே. அதான்..."

"எப்படி ஏறும்? வயிறு முட்ட துன்னுட்டு மேல இத்த போட்டுக்கீற. இது இன்னா பீடியா, இழுத்ததும் ஏற? உள்ள போயி கரையணும். ஒரு மணி நேரம் ஆவும், ரெண்டு மணி நேரம் ஆவும், அதுக்கு மேலயும் ஆவும். நீ ஏறல ஏறலன்னு துன்னுக்கினே இருந்தா எல்லாம் ஒண்ணா சேந்து வந்து நிக்கும். காலைல பிரஷர் மாத்திர வேற போட்டுக்கினு கீற."

காசிக்காரர் தலையைக் குனிந்துகொண்டு, "பாபி, நான் ஆதா சொன்னேன்" என்றார்.

"நீ பேசாத. உன்ன அப்பறம் வெச்சிக்கிறேன்."

அந்த நிலையிலும் என் வாத்தியார் மூளை அடங்கவில்லை. "அப்போ கரெக்டான அளவு எவ்ளோ?" என்று கேட்டேன்.

"மாத்திர அட்டைல மில்லிகிராம் போட்டுக்கீது. உன் பர்ஃபில இன்னா போட்டுக்கீது? வெள்ளித் தாளு. ஒரே தட்டுல இந்த மூலைல இலை ஜாஸ்தி வியுந்திருக்கும், அந்த மூலைல கம்மியா இருக்கும். இதுல பாதின்னா எதுல பாதி? நீதான் வாத்தியாராச்சே, சொல்லு."

அந்தக் கணக்கை இன்றுவரை போட்டுக்கொண்டிருக்கிறேன்.

"நெஞ்சு வலிச்சாலோ மூச்சு முட்டுனாலோ சொல்லு, ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம். போனா டாக்டர்கிட்ட உள்ளத உள்ளபடி சொல்லுவேன். ஃபுட் பாய்சன்னு கத வுட மாட்டேன், ஆமா."

பிறகு என்னை ஒருக்களித்துப் படுக்க வைத்து, பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாள். அவ்வப்போது மணிக்கட்டைப் பிடித்துப் பார்ப்பாள், தண்ணீர் கொடுப்பாள், திட்டுவாள். தலை சுற்றும்போதெல்லாம் அந்தத் திட்டைப் பிடித்துக்கொண்டுதான் கிடந்தேன். காசிக்காரர் பர்ஃபி மொத்தத்தையும் கழிப்பறையில் கரைத்துவிட்டு வந்து கால்மாட்டில் உட்கார்ந்தார். நான் செத்துப்போனால் பாபி வாடகையை ஏற்றிவிடுவார்களோ என்று அவர் கவலைப்பட்டதாகப் பிற்பாடு சொல்லிச் சிரித்தார். அவர் கண்ணில் அன்றைக்குத் தண்ணீர் இருந்ததை நான் பார்த்தேன். போதையில் பார்த்ததுதான், ஆனாலும் பார்த்தேன்.

மறுநாள் என் மனைவி என்னையும் இழுத்துக்கொண்டு அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொன்னாள். நான் வாசலில், வீட்டுப்பாடம் எழுதாத பையனைப்போல நின்றேன். "கைலதான் எடுத்துச்சு, வாயில வெக்கல. ஆனா உங்களுக்குத் தெரியணும்" என்றாள். பெண்ணின் அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தார், அவ்வளவுதான். பெண் கொஞ்ச நாள் டியூஷனுக்கு வரவில்லை. திரும்ப வந்த அன்றைக்கு அவள்தான் முதலில் கணக்கை முடித்தாள். முடித்துவிட்டு ஃப்ரிட்ஜ் தலையை நிமிர்ந்து பார்த்தாள். அங்கே ஒன்றும் இல்லை. ஒன்றும் கேட்காமல் அடுத்த கணக்குக்குப் போய்விட்டாள். அது இன்னும் எனக்குள் ஏதோ செய்கிறது.

காசிக்காரர் ஊரோடு போய்ச் சொந்தமாகப் பட்டறை வைத்துவிட்டார். மாடி அறையில் இப்போது ஓர் இளம் தம்பதி. கரி மூட்டுவதில்லை, இண்டக்‌ஷன் அடுப்பு. ஹோலிக்கு ஹோலி அவரிடமிருந்து போன் வரும். போன முறை ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். அவருக்கு இருந்த தமிழிலும் பாதி மறந்துவிட்டது. அந்த ஒரு வாக்கியம் மட்டும் துருப்பிடிக்காமல் இருக்கிறது.

"அண்ணா, ஆதா அனுப்பவா?"

சிரித்தேன். சிரித்துக்கொண்டே, கூடத்தில் பலகையைத் துடைத்துக்கொண்டிருந்த என் மனைவியைப் பார்த்தேன். வாய் சும்மா இருக்குமா?

"கால்வாசிகூட வேணாம்மே. சும்மா ஞாபகத்துக்கு ஒரே ஒரு துண்டு, ஃப்ரிட்ஜ் மேல வெச்சி பாத்துக்கினு இருக்கலாமே."

அவள் துடைப்பதை நிறுத்தாமலே சொன்னாள்.

"பசங்க வர்ற வூடு இது."