அத்தானின் காது

"இவன் கைக்கு லாரிதான் லாயக்கு."

பதினான்கு வருஷத்துக்கு முன்னால், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், முப்பது பேர் சுற்றி நிற்க, என் அக்கா புருஷன் என்னைக் காட்டிச் சொன்ன வார்த்தை அது. அன்றிலிருந்து எனக்கு லாரிக்கை என்று பேர். தெருவில் போகும்போதுகூட எவனாவது, "என்ன லாரிக்கை, சவுக்கியமா?" என்பான். நான் பழைய கார்களுக்கு என்ஜின் வேலை பார்க்கிறவன். அந்த ஒரு வார்த்தைக்குப் பிறகு எட்டு வருஷம் என் பட்டறைக்குள் ஒரு பழைய கார்கூட நுழையவில்லை. லாரியும் தண்ணீர் வண்டியும்தான் வந்தன.

அத்தான் போய் ஆறு மாதம் ஆகிறது. செத்தவரைப் பற்றி எழுதுகிறவர்கள் சர்க்கரையைத் தூவி எழுதுவார்கள். என்னிடம் சர்க்கரை கிடையாது.

டப்பா மூடி அடிக்கும் தொழிற்சாலையில் இருபத்தெட்டு வருஷம் பிரஸ் மெஷினில் நின்றவர் அவர். நிமிஷத்துக்கு அறுபது தடவை அந்த இரும்பு இறங்கும். ஒவ்வொரு தடவையும் தரை அதிரும். காதில் மாட்டிக்கொள்ள அடைப்பான் கொடுத்தார்கள். "காதை அடைச்சிக்கிட்டு மெஷின் ஓட்டுறவன் கண்ணைக் கட்டிக்கிட்டுத் தாலி கட்டுவான்" என்று தூக்கி எறிந்துவிட்டார். வீட்டுக்கு வந்தும் கத்தித்தான் பேசுவார். திமிர் என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம்.

அவரிடம் ஒரு பச்சைக் கார் இருந்தது. இரண்டே பேர் உட்காரலாம், கூரை கிடையாது. அவரைவிட இரண்டு வயது மூத்தது. பூனை குட்டி போட்டுக் கிடந்த ஒரு கொட்டகையிலிருந்து கயிறு கட்டி இழுத்து வந்தார். அதை ஓட வைக்க மூன்று வருஷம் ஆனது. அந்த மூன்று வருஷமும் சாப்பாட்டு மேஜை மேல் கியர்பாக்ஸ் கிடந்தது. அக்காவும் அவரும் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். பேரிங்கைச் சூடாக்கி ஏற்றுவதற்கு அக்காவின் வாணலியில்தான் எண்ணெய் காயும். கார்புரேட்டர் மிதவை ஓட்டையா என்று பார்க்க அக்காவின் டீச்சட்டியில் வெந்நீர் கொதிக்கும். முக்கினால் ஓட்டை இருக்கும் இடத்தில் குமிழி வரும். அப்புறம் அதே சட்டியைக் கழுவி டீ போடுவாள்.

"நான் கட்டிக்கிட்டது ஒருத்தரை, சமைக்கிறது ரெண்டு பேருக்குடா" என்பாள். "அவளுக்குக் காரம் ஆகாது. அவளோட பண்டத்தை எறக்கி வச்சப்புறம்தான் எனக்கு அடுப்பு."

ஒரு சக்கரத்துக்கு எழுபத்திரண்டு கம்பி. நான்கு சக்கரத்தையும் பல் தேய்க்கும் பிரஷ்ஷால் தேய்ப்பது அக்காவின் சனிக்கிழமை வேலை. ஒரு மழைக்காலத்தில் படுக்கையறை ஓடு உடைந்து கட்டில் மேல் ஒழுகியது. வீட்டில் நல்ல தார்ப்பாய் ஒன்றுதான் இருந்தது. அது காரின் மேல் கிடந்தது. அக்கா கட்டிலை இழுத்துப் போட்டு, வாளியை வைத்துவிட்டுப் படுத்தாள். அந்தத் தார்ப்பாயை எடுத்துக் கூரை மேல் போட்டால் என்ன என்று அத்தானிடம் கேட்டேன். "கட்டில் துருப்பிடிக்குமா மச்சான்?" என்றார். அவர் சொன்னது கிண்டல் இல்லை. நிஜமாகவே அவருக்கு அதுதான் கணக்கு.

இப்படிப்பட்ட ஆளை ஊரில் பெரிய மனிதராக வைத்திருந்தது அவர் காது. பழைய கார் வைத்திருப்பவர்கள் ஞாயிறு காலையில் ஒரு பெட்ரோல் பங்க் பின்புறம் கூடுவார்கள். பல் டாக்டர், பேக்கரிக்காரர் என்று பல வகை ஆட்கள். கார் விஷயத்தில் எல்லாரும் ஒரே பைத்தியம். அந்தக் கார்களில் பாதிக்கு இரண்டு கார்புரேட்டர் உண்டு. இரண்டும் ஒரே அளவு காற்றை இழுக்க வேண்டும். அதைச் சரி பார்க்க மீட்டர் இருக்கிறது. ஆனால் பழைய வழி ஒரு ரப்பர் குழாய். ஒரு முனையைக் கார்புரேட்டர் வாயில் பிடித்து மறுமுனையைக் காதில் வைத்தால் காற்றின் இரைச்சல் கேட்கும். முன்னதும் பின்னதும் ஒரே மாதிரி இரையும்வரை திருகாணியைத் திருப்ப வேண்டும். அதில் அத்தானை அடிக்க ஆளில்லை என்பது ஊர்ப் பேச்சு. இரண்டடி சிவப்புக் குழாயோடு அவர் குனிந்தால் முப்பது பேரும் வாயை மூடிக்கொள்வார்கள். மீட்டர் வைத்திருந்தவன்கூட அதைப் பைக்குள் ஒளித்து வைப்பான்.

பல் டாக்டருடைய காரின் என்ஜினை நான்தான் கட்டினேன். பதினோரு மாத வேலை. கடைசியில் கார்புரேட்டரை மட்டும் அத்தான்தான் பார்க்க வேண்டும் என்றார் டாக்டர். அத்தான் குழாயை வைத்தார், திருகினார், கலவையையும் கொஞ்சம் மாற்றினார், "பட்டு" என்றார். அடுத்த வாரம் மலைப்பாதையில் ஏறும்போது என்ஜின் நின்றுவிட்டது. பிரித்துப் பார்த்தால் முன்னால் இருந்த இரண்டு பிஸ்டனிலும் கட்டை விரல் நுழையும் ஓட்டை. பிளக் இரண்டும் சுண்ணாம்பாக வெளுத்திருந்தன. பெட்ரோல் குறைந்து காற்று கூடினால்தான் அப்படி வெளுக்கும், பிஸ்டனும் உருகும். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் கையில் பிளக்கை வைத்துக்கொண்டு நான் நின்றேன். யாரும் அதைப் பார்க்கவில்லை, அத்தான் வாயைத்தான் பார்த்தார்கள். அப்போதுதான் அந்த லாரி வார்த்தை வந்தது.

அக்கா அங்கே இருந்தாள். பிளாஸ்கைக் கையில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தாள்.

அவள் ஏன் தரையைப் பார்த்தாள் என்பது எனக்குத் தெரிய எட்டு வருஷம் ஆனது. ஒரு நாள் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். பானெட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டு நின்றார் அத்தான். "அத்தான்" என்றேன். இன்னும் கொஞ்சம் சத்தமாகக் கூப்பிட்டேன். பின்னால் நின்று தகர டப்பாவைத் தரையில் போட்டேன். அவர் பாட்டுக்கு நட்டை முறுக்கிக்கொண்டிருந்தார். என் நிழல் என்ஜின் மேல் விழுந்த பிறகுதான் திரும்பினார். "எப்படா வந்தே?" என்று கத்தினார்.

சமையலறைக்குள் போனேன்.

"அவருக்குக் காது கேக்கலையாக்கா?"

"மெதுவாப் பேசு."

"எதுக்கு மெதுவா? அவருக்குத்தான் கேக்காதே."

சிரித்துவிட்டு உடனே அழுதாள். "எடது காது போயி பத்து வருஷம் ஆச்சு. வலதுலயும் கீச்சுக் கீச்சுன்னு வர்ற சத்தமெல்லாம் கேக்காது. வாயசைவப் பாத்துச் சமாளிக்கிறாரு. குக்கர் விசில நான்தான் எண்ணிச் சொல்றேன்."

"டாக்டர் கார் அன்னிக்கு?"

அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"அக்கா, அன்னிக்கே உனக்குத் தெரியுமா?"

"உனக்குக் கை இருக்குடா. லாரி பாத்தாவது பொழைச்சிக்குவே. அவருக்கு அந்தக் காத விட்டா என்ன இருக்கு? சொல்லிடாதடா. என் தலைமேல அடிச்சிச் சத்தியம் பண்ணு."

சத்தியம் பண்ணினேன். யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை பெட்ரோல் பங்குக்குப் போனேன். அவர் டீ குடிக்க நகர்ந்த நேரத்தில், அவருடைய சிவப்புக் குழாயை எடுத்து, முதலுதவிப் பெட்டியில் இருந்த பஞ்சைக் கம்பியால் நடுவரைக்கும் திணித்தேன். நன்றாக இறுக்கினேன். எறும்பு மூச்சுக்கூடப் போகாது.

பேக்கரிக்காரருடைய கார் வந்து நின்றது. அத்தான் குழாயை எடுத்தார். வழக்கம்போல எல்லாரும் மூச்சை அடக்கினார்கள். முன் கார்புரேட்டரில் பிடித்தார், கண்ணை மூடினார், தலையை ஆட்டினார். பின் கார்புரேட்டரில் பிடித்தார். உதட்டைப் பிதுக்கினார்.

"பின்னாடிக்காரன் கொஞ்சம் அதிகமா இழுக்குறான். கேக்குதா? ஸ்ஸ்ஸுன்னு ஒரு மாதிரி இழுவை."

"நல்லாக் கேட்டுட்டுச் சொல்லுங்க அத்தான்" என்றேன் அவர் முகத்துக்கு நேராக.

"உனக்கு லாரி ஹாரன்தான் கேக்கும். போடா."

குழாயை அவர் கையிலிருந்து வாங்கினேன். உயரப் பிடித்து, கம்பியை விட்டுப் பஞ்சை இழுத்தேன். வந்துகொண்டே இருந்தது. ஒரு முழம் வந்திருக்கும். முதலில் சிரித்தது பேக்கரிக்காரர். அப்புறம் எல்லாரும். பல் டாக்டர் மட்டும் சிரிக்கவில்லை. "அப்போ என் பிஸ்டன்?" என்றார், யாரையும் பார்க்காமல்.

அத்தான் அந்த நேரம் திருகாணியைத் திருப்பிக்கொண்டிருந்தார். நிமிர்ந்தார். எல்லார் வாயும் திறந்திருப்பதைப் பார்த்தார். யாரோ நல்ல ஜோக் அடித்திருக்கிறார்கள் என்று நினைத்து அவரும் சிரித்தார். தொடையைத் தட்டிக்கொண்டு சத்தமாகச் சிரித்தார். அதைப் பார்த்து இவர்களுக்கு இன்னும் பொத்துக்கொண்டு வந்தது. இவர்கள் சிரிக்கச் சிரிக்க அவரும் சிரித்தார். அக்கா நடுவில் வந்து என் கையில் இருந்த பஞ்சைப் பிடுங்கி அவர் கண்ணுக்கு முன்னால் நீட்டினாள். அதற்குப் பிறகுதான் நிறுத்தினார்.

எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. பொய் சொல்ல மாட்டேன். அன்றைக்கு மூன்று வேளையும் நன்றாகச் சாப்பிட்டேன். அடுத்த மாதமே டாக்டருடைய கார் என் பட்டறைக்கு வந்தது, பின்னாலேயே மற்ற கார்களும் வந்தன. லாரிக்கை என்ற பேர் மட்டும் போகவில்லை.

அவருக்குப் பஞ்சு என்று பேர் வைத்தார்கள். இரண்டு ஞாயிறு அதற்குப் பிறகும் வந்தார். பேக்கரிக்காரர் அவர் முன்னால் நின்று சத்தமே இல்லாமல் வாயை மட்டும் அசைப்பார். அத்தான் தலையை ஆட்டிப் பதில் சொல்வார். சுற்றி நிற்பவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொள்வார்கள். ஒரு தடவை நானும் அப்படி வாயசைத்தேன். அவர் என்னைப் பார்த்து, "ஆமா மச்சான், நீ சொல்றது சரிதான்" என்றார். நான் சொன்னது ஒன்றுமே இல்லை. மூன்றாவது ஞாயிறு அவர் வரவில்லை.

அக்கா என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். அவர் என்ன செய்கிறார் என்பது அடுத்த வீட்டு ஆள் வந்து சொல்லித்தான் தெரியும். வாரத்துக்கு ஒரு முறை இரண்டு கார்புரேட்டரையும் கழற்றிக் கழுவி மாட்டுவாராம். கார் பட்பட்டென்று வெடித்து, இருமி, தெரு நாயெல்லாம் ஓடுமாம். அவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி முகம் மலர்ந்து உட்கார்ந்திருப்பாராம். காது மெஷின் வாங்கி வைத்துப் பார்த்தார். "எல்லாம் தகரம் தகரமாக் கேக்குது" என்று அதைக் கழற்றிப் பழைய பிளக் போடும் டப்பாவுக்குள் எறிந்துவிட்டாராம். வேலையிலிருந்து ஓய்வு கொடுத்து அனுப்பிய பிறகு மிச்சமிருந்த வலது காதும் போய்விட்டது.

போன வருஷக் கடைசியில் அக்கா போன் பண்ணினாள். "அவருக்கு நெஞ்சுல தண்ணி கோத்திருக்கு. ரொம்ப நாள் தாங்காதுன்னுட்டாங்க. உன்னை வரச் சொல்றாரு." அவ்வளவுதான் பேசினாள்.

போகும் வழியெல்லாம் ஒரே நினைப்புதான். டாக்டர் கார் விஷயத்தை இன்றைக்காவது வாய்விட்டுச் சொல்வார், "உன் மேல தப்பு இல்லடா" என்று ஒரு வார்த்தை சொல்வார் என்று. பதினான்கு வருஷம் அந்த ஒரு வார்த்தைக்குத்தான் காய்ந்து கிடந்தேன்.

கார் கொட்டகையில், காருக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். கால் இரண்டும் வீங்கித் தூண் மாதிரி இருந்தன. பச்சைப் பெயின்ட் கண்ணாடியாக மின்னியது. சக்கரக் கம்பியில் தூசி இல்லை. அக்காவின் விரல் நகங்கள் கறுத்திருந்தன.

என்னை உட்காரச் சொல்லவில்லை. சாவியை நீட்டினார். "ஸ்டார்ட் பண்ணு."

பண்ணினேன். கேட்கவே முடியவில்லை. மூன்று சிலிண்டர்தான் வேலை செய்தது, அதுவும் ஆளுக்கொரு பக்கம் இழுத்தது. பின் கார்புரேட்டர் தும்மியது. எங்கோ ஒரு வால்வு சம்மட்டியால் அடிப்பதுபோல அடித்தது. அக்கா கொட்டகை வாசலில் நின்று என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினாள், சொல்லாதே என்று. அன்றைக்குச் சமையலறையில் கேட்டதையே இப்போதும் கேட்டாள்.

அத்தான் என்ஜினைப் பார்க்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினேன்.

"நாயே" என்றார். "உன் மூஞ்சி வேற சொல்லுது."

தப்பு அவருடையது என்று சொல்லப்போகிறார் என்று நான் காத்திருந்தேன். அவர் அதைச் சொல்லவில்லை. கடைசிவரை சொல்லவும் இல்லை, நான்காம் நாள் போய்விட்டார். நாற்காலிக்குக் கீழே இருந்து ஒரு அட்டையையும் தச்சர் பென்சிலையும் எடுத்து என் மடியில் எறிந்தார். காரின் மேல் கையை வைத்துக்கொண்டு, மூச்சு வாங்க வாங்கப் பேசினார்.

"உங்கக்கா நல்லாருக்கு நல்லாருக்குன்னே சொல்றா. எத்தனை வருஷமாச் சொல்றா. உனக்குத்தான் என்மேல இரக்கம் கிடையாது. அதான் உன்னைக் கூப்பிட்டேன். இவ இப்ப எப்படிக் கத்துறா? அதக் கூட்டாம கொறைக்காம எழுதிக் குடு."