அஞ்சலை நடந்த என் நடை

போன மாதம் எனக்கு மனசு சரியில்லாமல் போய்விட்டது. எனக்கே தெரியாது. வெளிநாட்டில், லியோன் நகரத்தில் இருக்கும் என் மகள் மர்த்தீன் போன் செய்து சொன்னபிறகுதான் தெரியும்.

"பப்பா, ரெண்டு வாரமா உன் நடை குறைஞ்சுக்கிட்டே வருது. தூக்கமும் சரியில்ல. மனசுல எதாவது வச்சுக்கிட்டு சொல்லாம இருக்கியா?"

சிரிப்பை அடக்கிக்கொண்டேன். தூங்காதது நானில்லை. நடந்ததும் நானில்லை.

உங்களிடம் மறைப்பானேன்? ரிட்டயர் ஆன பிறகு எனக்குப் படபடப்பு, எதற்கெடுத்தாலும் எரிச்சல். ஈ.சி.ஜி. பார்த்த டாக்டர், "ஹார்ட் நல்லாருக்கு சார். சோபாதான் உங்களுக்கு வியாதி. தினமும் நடங்க, மனசும் லேசாகும்" என்றார். விஷயம் தெரிந்ததும் மர்த்தீன் ஒரு வாட்ச் அனுப்பினாள். எத்தனை அடி நடந்தேன், எவ்வளவு நேரம் தூங்கினேன் என்று அது குறித்துக்கொள்ளும். என் போன் பக்கத்தில் வந்தால் போதும், மொத்தமும் அவளுக்குப் போய்விடும். பெற்ற மகளே வேவு பார்த்தால் என்ன செய்வது?

இரண்டு நாள் நடந்தேன். மூன்றாம் நாள் அஞ்சலை வந்தாள்.

அஞ்சலை வீராம்பட்டினத்துக்காரி. காலையில் பஸ் ஏறி வந்து, மீன் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு எங்கள் உப்பளம் பேட்டையில் தெருத்தெருவாக நடப்பவள். "வாட்ச் அழகா கீது சார்" என்றாள். எனக்குப் பொறி தட்டியது. கழற்றி அவள் கையில் கட்டிவிட்டேன். ராத்திரியும் கழற்றாதே, தினமும் நம் வாசலுக்கு வந்துவிட்டுப் போ — அவ்வளவுதான் ஒப்பந்தம்.

என் மனைவி ரெஜினா ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "அவ நடந்தா உங்க தொப்ப கரையுமா?"

முதல் வாரமே மர்த்தீன் பயந்துவிட்டாள். "பதினெட்டாயிரம் அடியா? கொஞ்சம் மெதுவா போ பப்பா." நானும் தன்னடக்கத்தோடு சரி என்றேன்.

அதன்பிறகுதான் நான் முதலில் சொன்ன அந்த போன். மறுநாள் காலை அஞ்சலையிடம், "என்ன அஞ்சலை, என் மானத்த வாங்கற? நடை குறைஞ்சு போச்சாமே" என்றேன். அவள் சிரிக்கவில்லை. மீனை எடுத்து வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

அடுத்த நாள் வரவில்லை. நான்கு நாள் வரவில்லை. நடை பூஜ்யம், தூக்கம் பூஜ்யம். டிக்கெட் போட்டுவிட்டுக் கிளம்பி வருவதாக மர்த்தீன் சொன்னதும் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு வீராம்பட்டினம் போனேன்.

வீட்டுக்குள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"தலவலி சார். காலு ரெண்டும் கல்லாட்டம் கனக்குது. சோறு எறங்கல. மாத்திர போட்டும் கேக்கல."

"எப்பலேர்ந்து?"

"வள்ளி செத்ததுலேர்ந்து." பக்கத்து வீட்டு வள்ளி. அவளும் மீன்காரிதான். "இருவது வருஷமா ஒண்ணாதான் வருவோம் சார். அவ ஒரு தெரு, நா ஒரு தெரு. தெருமுக்குல நின்னு பேசிட்டுப் போவோம். இப்ப முக்கு வந்தாலே காலு நின்னுடுது."

நடந்தால் மனசு லேசாகும் என்றார் டாக்டர். உண்மைதான். ஆனால் இந்த ஊரில் அஞ்சலையைவிட அதிகம் நடந்தவர் யார்? மனசு உட்கார்ந்ததும் அந்தக் கால்களும் உட்கார்ந்துவிட்டனவே... கடல் தாண்டி இருக்கிற மகள் அதைச் சரியாகப் படித்துவிட்டாள் — ஆள்தான் வேறு. தினமும் எதிரில் நின்று மீன் வாங்கிய நானோ கிண்டல் செய்திருக்கிறேன்.

அன்றைக்கே மகளிடம் உண்மையைச் சொன்னேன். திட்டுவாள் என்று காத்திருந்தேன்.

"உன்ன அப்புறம் பாத்துக்கறேன். மொதல்ல அவங்கள டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போ."

ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரு பெண் டாக்டர். ரத்த அழுத்தம் பார்த்தார், ரத்தம் எடுக்கச் சொன்னார். பிறகு, "வள்ளி எப்படிப்பட்டவங்க?" என்று கேட்டார். அஞ்சலை அரைமணி நேரம் பேசினாள், அழுதாள். வாரம் ஒருமுறை வரச் சொன்ன டாக்டர், "ரெண்டு தெரு மட்டும் போங்க, போதும். ஆனா கொஞ்ச நாளைக்குத் தனியா போவாதீங்க" என்றார்.

கூட யார் போவது? வீட்டுக்கு வந்து இதைச் சொன்னதும் ரெஜினா என் வயிற்றைப் பார்த்தாள்.

மூன்று வாரமாகப் போய்க்கொண்டிருக்கிறேன். இரண்டாவது தெருவிலேயே எனக்கு மூச்சு வாங்குகிறது. தெருமுக்கில் நிற்கிறோம். அவள் வள்ளியைப் பற்றிப் பேசுகிறாள், நான் கேட்கிறேன். இப்போது கொஞ்சம் சாப்பிடுகிறாளாம். சில நாள் இன்னமும் வருவதில்லை. அன்றைக்கு ஒரு போன் போட்டு விசாரித்துக்கொள்கிறேன். என் படபடப்பா? கடைசியாக எப்போது வந்தது என்று யோசித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

நேற்று ஒரு வீட்டில் சங்கரா மீன் வாங்கிய அம்மா, தராசும் கையுமாக நின்ற என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "என்ன அஞ்சலை, புதுசா ஆள் போட்டுருக்கியா?" என்று கேட்டார்.

"ஆமாங்க்கா," என்றாள் அஞ்சலை. "இன்னும் ட்ரெயினிங்லதான் கீறாரு."